சீனியையும் பால்மாவையும் குறைப்போம்

இடம்பெயர்ந்த எமது குடும்பங்களின் கையில் கிடைத்த நிவாரணப் பொதியை ஒருமுறை நினைவிற் கொள்வோம். அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், 1995இல் குடாநாட்டிலிருந்து வன்னிக்குக் கடந்தவர்களும், 2009இல் செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் கண்டார்கள். பசித்த வயிற்றுக்கு அது உயிர் காத்தது. அதைக் குறைகூறுவதற்கில்லை.

செட்டிகுளம் முகாம்கள் 2012இல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அந்தப் பொதி எமது அடுப்படியை விட்டு இன்னும் போகவில்லை. கூழும் கஞ்சியும் மோரும் இருந்த இடத்தில் பாணும் சீனித் தேத்தண்ணியும் வந்து குந்திக்கொண்டன. கையில் நாலு காசு வந்ததும் அதனோடு பால்மாப் பக்கற்றும் சேர்ந்துகொண்டது. இந்த இரண்டையும் ஏன் குறைக்க வேண்டும், யார் குறைக்கக் கூடாது, குறைத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

வயல் போன பின் சீனி என்ன செய்கிறது?

"எங்கடை அப்பு நாளுக்கு ஆறு தேத்தண்ணி குடிச்சவர், எல்லாத்துக்கும் சீனி அள்ளிப் போட்டவர். அவருக்கு ஒரு வருத்தமும் வரேல்லையே" என்று பலர் எம்மிடம் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. அதற்கான விடை அப்புவின் கோப்பையில் இல்லை. அவருடைய மண்வெட்டியில் இருக்கிறது.

நாம் உண்ணும் சீனியும் சோறும் பாணும் குடலிலே குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கணையம் என்ற உறுப்பு சுரக்கும் இன்சுலின் அந்தக் குளுக்கோசைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. வேலை செய்யும் தசை குளுக்கோசைத் தானாகவே இழுத்து எரித்துவிடும். மண்வெட்டி பிடித்து ஒரு மணித்தியாலம் கொத்துகிறவர் 300 கலோரிக்கு மேல் செலவழிக்கிறார். அப்பு குடித்த ஆறு தேத்தண்ணியின் சீனியும் மத்தியானத்துக்குள் வியர்வையாகப் போய்விட்டது.

காணியை இழந்தவருக்கு நிலைமை வேறு. உறவினர் வீட்டு விறாந்தையிலும் முகாம் கொட்டிலிலும் ஆண்டுக்கணக்காக இருந்தவருக்குக் கொத்த நிலமில்லை, இறைக்கக் கிணறில்லை, மேய்க்க மாடில்லை. மீண்டும் காணிக்குப் போனவர்களிலும் பலருக்கு இன்று உழவும் வெட்டும் இயந்திரத்தால் நடக்கின்றன. தேத்தண்ணியோ குறையவில்லை, கவலையிலும் காத்திருப்பிலும் அது கூடியது. எரிக்க ஆளில்லாத சீனி கொழுப்பாக உடலில் தங்குகிறது. தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கின்றன. கணையம் மேலும் மேலும் சுரந்து கடைசியில் களைத்துப்போகிறது. அப்போது இரத்தத்தில் தேங்குவதைத்தான் நீரிழிவு என்கிறோம்.

சீனி மட்டுமே நீரிழிவுக்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. பரம்பரை, உடற்பருமன், அசைவில்லாத வாழ்க்கை, மிதமிஞ்சிய வெள்ளைச் சோறும் கோதுமை மாவும் எல்லாம் சேர்ந்தே அந்நோயைக் கொண்டுவருகின்றன. ஆயினும் இவற்றுள் உடலுக்கு ஒரு சத்தும் தராமல், எந்தவித இழப்புமின்றி நாளைக்கே குறைக்கக்கூடியது சீனி ஒன்றே.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வில், வளர்ந்தவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் நீரிழிவுடனோ அதற்கு முந்திய நிலையிலோ இருப்பது தெரியவந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்விற் சேர்க்கப்படவில்லை. எம்மை யாரும் எண்ணாத காலத்திலும் நோய் எம்மை எண்ணத் தவறவில்லை.

விவசாயிக்கு இந்த நோய் தனிப்பட்ட விதத்திற் கொடியது. நாட்பட்ட நீரிழிவு காலின் உணர்ச்சி நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. வெறுங்காலோடு வயலுக்குள் இறங்குபவருக்கு முள் குத்தியது தெரியாது, காயம் மாறாது, புண் அழுகிக் காலையே எடுக்க நேரிடும். மிதிவெடிகளால் கால்களைப் பறிகொடுத்த சமூகம் நாம். வெடிக்குத் தப்பிய கால்களை நோய்க்குக் கொடுக்கலாமா?

ஒரு வீட்டுக் கணக்கு

ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி குடிக்கிறார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டியில் 5 கிராம் என்றால் நாளுக்கு 50 கிராம். அதாவது 200 கலோரி, ஒரு கோப்பைச் சோற்றின் சக்தி. ஆனால் சோற்றில் உள்ள சிறிதளவு புரதமோ நாரோ இதில் இல்லை. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. வளர்ந்தவர் மூவர் உள்ள வீட்டில் மாதம் நாலரைக் கிலோ, ஆண்டுக்கு 54 கிலோ. ஒரு முழு மூட்டைக்கு மேல்! உங்கள் ஊர்க் கடை விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். எத்தனை கொப்பி, எத்தனை கிலோ விதை வெங்காயம், எத்தனை கோழிக்குஞ்சு என்று நீங்களே சொல்வீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்க்கப்படும் சீனி ஒருவருடைய மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 5 வீதத்துக்குக் குறைத்தால் இன்னும் நல்லது. 5 வீதம் என்பது வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 25 கிராம். மேலே சொன்னவர் தேத்தண்ணியால் மாத்திரம் அதன் இரு மடங்கைத் தொட்டுவிட்டார். விசுக்கோத்து, சோடா, கேக் இன்னும் கணக்கில் வரவில்லை.

சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டு முதல் எமது நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. சிவப்பு அடையாளமுள்ள 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராமுக்கு மேல் சீனி உண்டு. எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் நிறம் தெரியும். பேரப்பிள்ளைக்கு வாங்குமுன் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பனங்கட்டி நல்லதல்லவா?

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் சீனிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தோம். அந்தப் பழக்கத்தில் ஒரு நன்மை இருந்தது. கோப்பைக்குள் கரைத்தால் எவ்வளவு போட்டோம் என்பது தெரியாது. கடித்துக் குடித்தால் ஒரு சிறு துண்டு போதும். எமது பனையிலிருந்து எமது மக்கள் செய்வது என்பதால் காசும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி, சர்க்கரை, தேன் எல்லாம் உடலுக்குள் சென்றபின் சீனியே. சிறிதளவு தாதுச் சத்துக்கள் இருப்பதால் நீரிழிவுக்காரர் அவற்றை மருந்து போல உண்ணலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். நோயில்லாதவர் சீனியின் அளவைக் குறைப்பதற்கு ஒரு படியாக மாத்திரம் அதைப் பயன்படுத்தலாம்.

பால்மா: யாருக்குத் தேவை?

பால் நல்ல உணவு. அதில் புரதமும் கல்சியமும் உண்டு. பாலில் குற்றமில்லை, பால்மா இல்லாவிட்டால் உடலில் பெலன் இல்லை என்ற எண்ணத்தில்தான் குற்றம் இருக்கிறது.

பாலில் இலக்ரோசு என்னும் இனிப்புப் பொருள் உண்டு. அதைச் செரிக்கச் செய்யும் நொதியம் குழந்தைப் பருவத்தில் நிறைய இருக்கும். பால்குடி மறந்த பின் பெரும்பாலான மனிதருக்கு அது படிப்படியாகக் குறைந்துவிடும். உலகில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவர் இவ்வகையினர். இவர்களிற் சிலருக்குப் பால் குடித்தால் வயிறு ஊதும், இரையும், வயிற்றால் போகும். இது ஒரு நோயல்ல, இயற்கை. பாலைக் காய்ச்சினாலும் மாவாக்கினாலும் இலக்ரோசு போகாது. தயிரிலும் மோரிலும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு அவை ஒத்துக்கொள்ளும். அடிக்கடி வயிறு குழம்புகிறவர்கள் இரண்டு வாரம் பால்தேத்தண்ணியை நிறுத்திப் பார்க்கலாம். சுகம் கிடைத்தால் காரணம் தெரிந்துவிட்டது. நிறுத்தியும் மாறாவிட்டால், அல்லது மலத்தில் இரத்தம் கண்டால், தாமதியாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

இனிக் காசுக் கணக்கு. ஒரு கோப்பைக்கு 10 கிராம் பால்மா என்றால், மூன்று பெரியவர்கள் நாளுக்கு இரண்டு முறை குடிக்க 60 கிராம் போகும். மாதத்துக்கு 1,800 கிராம். 400 கிராம் பக்கற்றில் நாலரை. இதன் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து கப்பலில் வருவது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி இல்லாமற்போனபோது பால்மாவுக்கு வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். ஒரு காலத்தில் பட்டி பட்டியாக மாடு வைத்திருந்தவர்கள் நாம். ஓடும்போது கட்டை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தவர்கள். இன்று மீண்டும் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களிலும் சிலர் காலையில் நல்ல பாலை முழுவதும் விற்றுவிட்டு மாலையில் அதே காசுக்குப் பால்மா வாங்குவதைக் காண்கிறோம். ஒரு போத்தல் பாலையாவது பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள், மீதியை விற்றுக்கொள்ளுங்கள்.

பால்மாவுக்குப் பதில் என்ன?

"பால் இல்லாவிட்டால் எலும்புக்கு எங்கே போவது?" என்பது தாய்மாரின் கேள்வி. 100 கிராம் பசுப்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கல்சியம் உண்டு. 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340, முருங்கை இலையில் 440, அகத்தி இலையில் 1,100க்கு மேல், எள்ளில் 1,400க்கு மேல். இலைகளிலும் தானியங்களிலும் உள்ள கல்சியம் முழுவதையும் உடல் எடுத்துக்கொள்ளாது என்பது உண்மை. ஆனாலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் கரையும் 10 கிராம் பால்மாவிலிருந்து கிடைப்பது 100 மில்லிகிராம் அளவுதான். ஒரு பிடி முருங்கை இலை வறைக்கும் குரக்கன் பிட்டுக்கும் அது ஈடாகாது.

முள்ளோடு உண்ணும் நெத்தலியும் சூடையும் கல்சியத்தோடு புரதத்தையும் தருகின்றன. முருங்கைக்கு ஒரு தடி நட்டாற் போதும். அகத்தி விதை போட்ட சில மாதங்களில் இலை தரும். சொந்தக் காணி கிடைக்காதவர்களும் இருக்கும் வேலியோரத்தில் இவற்றை வைக்கலாம். விட்டுப் போக நேர்ந்தாலும் அடுத்து வருபவருக்குப் பயன்படும்.

மீன் முட்டை உண்ணாத சைவ உணவுக்காரருக்கு ஒரு குறிப்பு: பி12 என்ற உயிர்ச்சத்து மரக்கறியில் இல்லை. அவர்கள் பாலை முற்றாக விடாமல் தயிரோ மோரோ நாள்தோறும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யார் குறைக்கக் கூடாது?

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மாத்திரமே. அதன்பின் மற்ற உணவுகளோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்திப் பால்மா கரைத்துக் கொடுப்பது, அதுவும் சுத்தமில்லாத தண்ணீரிலும் போத்தலிலும் கொடுப்பது, குழந்தையின் உயிரோடு விளையாடுவதாகும். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் வீட்டில் கிடைக்கும் பாலை முதலிற் கொடுங்கள். திரிபோஷா கொடுக்கப்பட்டால் அதைக் குடும்பம் முழுவதும் பங்கிடாமல் உரியவருக்கே கொடுங்கள்.

சீனியைப் பொறுத்தவரை சட்டம் மறுபக்கம். இரண்டு வயது வரை பிள்ளைக்குச் சீனி வேண்டவே வேண்டாம். பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போரோடு தொடங்கிய சீனிப் பங்கீடு 1953இல் நீக்கப்பட்டது. நீங்கியதும் மக்கள் உண்ட சீனி ஏறக்குறைய இரு மடங்காயிற்று. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, பிந்திப் பிறந்தவர்களைவிட, முதிர் வயதில் நீரிழிவு ஏறக்குறைய 35 வீதமும் உயர் இரத்த அழுத்தம் 20 வீதமும் குறைவாக இருந்ததென 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. மறுபுறம், 1944, 1945ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் நெதர்லாந்திற் பஞ்சம் வந்தபோது தாயின் வயிற்றிற் பட்டினி கிடந்தவர்களின் உடல், வளர்ந்தபின் சீனியைத் தாங்கும் ஆற்றலிற் குறைந்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இடம்பெயர்வின் பசியிற் கருவுற்றுப் பிறந்த எமது பிள்ளைகளை இனிப்பிலிருந்து காப்பது மற்றவர்களின் பிள்ளைகளைக் காப்பதிலும் அவசரமான கடமை.

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ குளிசையோ பாவிப்பவர்கள் திடீரென உணவைக் குறைத்தால் இரத்தச் சீனி மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் வந்தால் அந்நேரம் சீனிதான் மருந்து. நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் குடிக்க வேண்டும். கிளினிக் வைத்தியருக்குச் சொல்லிவிட்டே உணவை மாற்றுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் கீரையையும் இளநீரையும் கூட்டக் கூடாது.

அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாத மெலிவு, மாறாத புண், கால் விறைப்பு, கண் மங்கல் ஆகியவை நீரிழிவின் அடையாளங்கள். ஆனால் பலருக்கு ஆண்டுக்கணக்காக ஒரு அடையாளமும் தெரியாது. ஆகவே 35 வயதைக் கடந்தவர்கள் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாக இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியர் மீண்டும் சோதித்து உறுதிசெய்வார்.

எப்படித் தொடங்குவது?

தானியேலும் அவருடைய தோழர் மூவரும் இடம்பெயர்க்கப்பட்ட இளைஞர்கள். சொந்த நாட்டிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்கள், அரசனின் பந்தியை மறுத்து, பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் தந்து சோதித்துப் பார்க்கும்படி கேட்டார்கள். பத்தாம் நாள் மற்றவரிலும் நலமாய்க் காணப்பட்டார்கள். அவர்கள் அதைச் செய்தது விசுவாசத்துக்காகவே, உடல்நலத்துக்காக அல்ல. ஆனாலும் இரண்டு பாடங்கள் எமக்கு உண்டு. அந்நியர் தருவதை உண்டாக வேண்டிய நிலையிலும் எதை உண்பது என்பதில் ஓரளவு உரிமை எமக்கு மிஞ்சியிருக்கிறது. எதையும் முதலிற் பத்து நாள் செய்து பார்க்கலாம்.

முதற் பத்து நாள்: இரண்டு கரண்டியை ஒன்றரையாக்குங்கள். வழித்த கரண்டியாக அளந்து போடுங்கள். சீனிப் போத்தலைத் தேத்தண்ணி மேசையிலிருந்து எடுத்து வையுங்கள்.

இரண்டாம் பத்து நாள்: ஒரு கரண்டி. பால்தேத்தண்ணியை நாளுக்கு ஒன்றாக்குங்கள்.

மூன்றாம் பத்து நாள்: அரைக் கரண்டி, அல்லது கடிப்பதற்குச் சிறு துண்டுப் பனங்கட்டி. இஞ்சி தட்டிப் போட்டால் இனிப்பின் குறை தெரியாது.

நாக்கு சில வாரங்களிற் பழகிவிடும். அதன்பின் பழைய தேத்தண்ணி பாணி போலத் தித்திக்கும். ஐந்து தேத்தண்ணியில் இரண்டுக்குப் பதிலாக மல்லித்தண்ணியோ மோரோ உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணியோ குடிக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை விடுங்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடியாமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலிற் சேரும்.

"சுவாமி, வேலைக்குப் போய்க் களைச்சு வாற மனிசனுக்கு ஒரு இனிப்புத் தேத்தண்ணி குடுக்கக்கூடாதோ?" என்று கேட்கும் தாய்மார் உண்டு. வெயிலில் உழைத்தவருக்கு முதலில் வேண்டியது தண்ணீர், பிறகு உணவு. ஒரு கோப்பை அரிசிக் கஞ்சியும் அவித்த கௌபியும் தரும் பலம் அந்த இனிப்பில் இல்லை. அதிலே அன்பு இருக்கிறது, அதை நாம் அறிவோம். அந்த அன்பைக் கஞ்சியிலும் காட்டலாம்.

இது தனி வீட்டு வேலையல்ல. விருந்தினருக்குச் சீனி போடாமற் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று ஊர் நினைக்கும்வரை ஒருவராலும் மாற முடியாது. ஆகவே அன்பியக் கூட்டங்களிலும் மாதர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் விசுக்கோத்துக்குப் பதில் அவித்த கடலையோ புழுக்கொடியலோ வைப்போம். சீனியைத் தேத்தண்ணியோடு கலக்காமல் தனியே வைத்து, வேண்டியவர் போட்டுக்கொள்ள விடுவோம். தவக்காலத்தில் ஒறுத்து மிச்சம்பிடிக்கும் சீனிக் காசை ஒரு உண்டியலிற் சேர்த்து, கிளினிக்குக்குப் போக பஸ் காசு இல்லாத அயல்வீட்டாருக்குக் கொடுப்போம்.

காணி எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது எம்மிற் பலருடைய கையில் இல்லை. கிடைக்கும் நாளில் அதிற் போய் இறங்கக் கால்களும், எல்லைக் கல்லைக் கண்டுபிடிக்கக் கண்களும் எமக்கு வேண்டும். அவற்றைக் காக்கும் வேலையை இன்றைய தேத்தண்ணியிலிருந்து தொடங்குவோம்.